சத்தமில்லாத வண்டியும் வெள்ளை விளக்கும்

என் பேட்டரி மோட்டார் சைக்கிளுக்கு ஹெட்லைட் வடிவமைத்தவன் எவனோ, அவன் இருட்டில் வண்டி ஓட்டியவனாக இருக்க முடியாது. முன்சக்கரத்துக்கு முன்னால் ஒரு கோரைப்பாய் அகலத்துக்கு வெளிச்சம் விழும். அதற்கு அப்பால் கத்தரித்துவிட்டது போல ஒன்றுமே இருக்காது. வளைவில் வண்டியைச் சாய்த்தால் அந்தப் பாயும் சாய்ந்து, நான் போக வேண்டிய பக்கம் இருண்டுவிடும். பகலில் பார்க்க அழகான விளக்கு. ஷோரூமில் எல்லா விளக்கையும் பகலில்தானே பார்க்கிறோம்.

வண்டி வாங்கும்போது என் கணவர் வளைகுடாவிலிருந்து விடுப்பில் வந்திருந்தார். தஞ்சாவூரில் அந்த ஷோரூமுக்குள் இருவரும் நுழைந்தோம். கழுத்தில் அட்டை மாட்டிய ஒரு பையன் அரை மணி நேரம் அவரிடமே பேசினான். வண்டி எனக்கு என்று அவர் இரண்டு தடவை சொன்னார். மேடத்துக்கு ஸ்கூட்டர் காட்டட்டுமா சார் என்று அதையும் அவரிடமே கேட்டான். வாய்க்கால் கரை ரோட்டில் ஸ்கூட்டரின் சின்னச் சக்கரம் ஒவ்வொரு பள்ளத்திலும் விழுந்து எழும் என்று அவனுக்கு விளக்க எனக்குப் பொறுமை இல்லை. சிவப்பு வண்டியின் மேல் ஏறி உட்கார்ந்து சாவியைக் கேட்டேன். பிறகு விளக்கு போதவில்லை என்று சர்வீஸுக்குப் போனபோது, அடுத்த அப்டேட்டில் சரியாகிவிடும் என்றார்கள். வெளிச்சம் என்ன, போனுக்கு வருவது போலக் காற்றில் வந்து சேருமா?

நான் திருத்துறைப்பூண்டியில் ஒரு ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன். வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்க வருகிறவர்கள் ஆறரைக்கே பெஞ்சில் உட்கார்ந்து கதவைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். எங்கள் ஊரிலிருந்து பதினெட்டு கிலோமீட்டர். அதில் முதல் ஏழு கிலோமீட்டர் வாய்க்கால் கரையோடு போகிற ஒற்றை ரோடு. ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் நெல் வயல், நடுவில் விளக்குக் கம்பம் ஒன்றுகூடக் கிடையாது. ஐந்தரைக்குக் கிளம்பினால்தான் சரியாக இருக்கும். ஐப்பசி தொடங்கித் தை முடியும் வரை ஐந்தரை மணி என்றால் இருட்டுதான். மார்கழியில் இருட்டோடு பனியும் சேர்ந்துகொள்ளும்.

கணவரிடம் போனில் சொன்னேன். அதற்குள் அவர் திரும்பிப் போய் நான்கு மாதம் ஆகியிருந்தது. அந்த ரோட்டில் அவர் கடைசியாக இருட்டில் வண்டி ஓட்டியது எங்கள் கல்யாணத்துக்கு முன்னால். ஆனாலும் ஒரு வாரம் வீடியோவாகப் பார்த்து அவர் நிபுணராகிவிட்டார். இமயமலையில் பைக் ஓட்டுகிறவர்கள் எல்லாம் இதைத்தான் போடுகிறார்களாம். ஒவ்வொன்றிலும் நான்கு கண் வைத்த வெள்ளை விளக்கு ஒரு ஜோடி, ஆன்லைனில் வாங்கி வீட்டுக்கு அனுப்பிவைத்தார். நேராக முன்னால் பார்க்கிற மாதிரி மாட்டச் சொல், அப்போதுதான் தூரம் கிடைக்கும் என்று மூன்று முறை சொன்னார்.

முதலில் எங்கள் பக்கத்து மெக்கானிக்கிடம் கொடுத்தேன். எல்லாம் தெரிந்தவர். எல்லாம் தெரிந்ததால் எதையும் கேட்கவில்லை. ஹெட்லைட்டுக்குப் போகிற ஒயரையே உரித்து, புது விளக்குகளை அதில் முறுக்கி, டேப் சுற்றிக் கொடுத்தார். மறுநாள் காலையில் மூன்றாவது கிலோமீட்டரில் மீட்டர் திரை அணைந்தது, விளக்கு அணைந்தது, வண்டியே நின்றது. பெரிய பேட்டரியிலிருந்து விளக்குகளுக்கு அளவாக மின்சாரம் இறக்கித் தர ஒரு சின்னப் பெட்டி உள்ளே இருக்கிறது. அதன் சக்திக்கு மேல் இழுத்தால் அது கதவை மூடிக்கொள்ளும். இதை அந்த மெக்கானிக் எனக்குச் சொல்லவில்லை. விடிகிற வரைக்கும் கரையில் நின்று, டேப்பைப் பல்லால் கடித்துப் பிரித்தெடுத்த பிறகு எனக்கே புரிந்தது. அவரிடம் போய்ச் சொன்னபோது, பேட்டரி வண்டின்னாலே இப்படித்தான் என்று முடித்துவிட்டார்.

அடுத்த வெள்ளிக்கிழமை வார விடுமுறையில் கூத்தாநல்லூருக்குப் போனேன். அங்கே வெளிநாட்டுப் பணத்தில் வாங்கிய கார்கள் அதிகம். கார்களுக்கு ஒயரிங் செய்கிற கடை ஒன்று உண்டு என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். தொழுகைக்குக் கடையை மூடியிருந்தார்கள். காத்திருந்தேன். என் வயதிருக்கும் கடைக்காரர் வந்ததும் வண்டியைச் சுற்றிப் பார்த்தார், கையேட்டைக் கேட்டு வாங்கி உட்கார்ந்து படித்தார். கையேட்டைப் படித்த முதல் மனிதர் அவர். பெரிய பேட்டரியிலிருந்தே தனியாக ஒரு பெட்டி, தனி பியூஸ், தனி சுவிட்ச் என்று பொறுமையாகச் செய்தார். கடைசியில் விளக்கை முடுக்குமுன் கேட்டார்.

"கொஞ்சம் கீழ பாக்குற மாதிரி வைக்கவாக்கா? எதிர்ல வர்றவங்களுக்குக் கண்ணு கூசும்."

"நேரா வைங்க. எனக்குத் தூரம் தெரியணும்."

அவர் இன்னொரு தடவை கேட்கவில்லை. அவரையும் நான் கொஞ்சம் ஏளனமாகத்தான் பார்த்தேன். எதிரில் வருகிறவர்கள் என்றைக்கு என் கண்ணைப் பற்றிக் கவலைப்பட்டிருக்கிறார்கள்? மணல் டிப்பரிலிருந்து காலேஜ் பையன்களின் பைக் வரை எல்லோரும் முகத்துக்கு நேரே வெள்ளை வெளிச்சத்தை வீசிக்கொண்டுதான் போகிறார்கள். இனி என் முறை என்று நினைத்தேன்.

மறுநாள் காலை சுவிட்சைத் தட்டினேன். வாய்க்காலின் தண்ணீர், மதகின் பலகை, வரப்பில் உட்கார்ந்திருந்த கொக்கு, ரோட்டில் ஒவ்வொரு கல் என எல்லாம் தெரிந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. நானே சூரியனைக் கொண்டுவந்தது போல ஒரு திமிர். அதை இப்போதும் மறுக்கமாட்டேன்.

எங்கள் தெரு ஊருக்குக் கிழக்கே, தனியாக இருக்கிறது. கரை ரோட்டுக்குப் போக வேண்டுமென்றால் பெரிய தெரு வழியாகத்தான் போக வேண்டும், வேறு வழி கிடையாது. அந்தத் தெருவில் திருப்பத்தை ஒட்டிய வீட்டில்தான் என் அப்பா பண்ணையாளாக இருந்தார், இப்போதைய வீட்டுக்காரரின் அப்பா காலத்தில். அந்தத் தெரு வரும்போது அப்பா சைக்கிளிலிருந்து இறங்கித் தள்ளிக்கொண்டு போய், தெரு முடிந்த பிறகு ஏறுவார். சைக்கிள் பஞ்சரானதைச் சொல்வது போல இதைச் சாதாரணமாகச் சொல்வார். அப்படிச் சாதாரணமாகச் சொன்னதற்காகவே எனக்கு அவர் மேல் ஒரு இளக்காரம் இருந்தது. அவர் போன பிறகும் அது முழுதாகப் போகவில்லை.

இப்போதைய வீட்டுக்காரர் நிலத்தை எல்லாம் குத்தகைக்கு விட்டுவிட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர். மாதம் ஒரு முறை சர்க்கரை பார்க்க எங்கள் லேபுக்கு வருவார். ஊசியைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு, மெதுவா குத்துங்க என்பார். அங்கே 'ங்க' எல்லாம் தாராளம். ஊருக்குள் வந்துவிட்டால் நான் 'நீ'. இரண்டையும் ஒரே நாளில்கூடக் கேட்டிருக்கிறேன்.

புது விளக்கு வந்த நாலாம் நாள் சாயங்காலம், நான் திரும்பி வரும்போது கையைக் காட்டி நிறுத்தினார்.

"என்னம்மா இது, காலங்காத்தால ரூமுக்குள்ள வெளிச்சம் அடிக்கிற? ஜன்னல் வழியா நேரா கட்டில்ல வந்து விழுது. அத முதல்ல கழட்டு."

கழற்ற முடியாது, ரோடு இருட்டாக இருக்கிறது என்றேன்.

"இத்தன நாளு இருட்டுல போகலியா ஒங்க ஆளுங்க எல்லாம்?"

ஒங்க ஆளுங்க. பதில் சொல்லியிருக்கலாம். வண்டியைக் கிளப்பிக்கொண்டு வந்துவிட்டேன். அன்று முதல் அந்தத் திருப்பம் வருமுன்பே சுவிட்சைத் தட்டுவதை வழக்கமாக்கிக்கொண்டேன். பனி இல்லாத, நிலா வெளிச்சமிருந்த நாள்களிலும் தட்டினேன். தெருவில் விளக்கு எரிந்துகொண்டிருந்தாலும் தட்டினேன். அவர் கட்டிலின் மேல் என் வெளிச்சம் விழுகிறது என்பதை நினைத்தபடியே திரும்புவேன். அதில் எனக்கு இருந்த சந்தோஷம், இத்தனை வருஷம் படித்து வேலைக்குப் போனதில்கூட இருந்ததில்லை. இந்த வெளிச்சம் தொந்தரவு என்று அந்த ஆள் சொன்னதில் நியாயம் உண்டா என்று ஒரு முறைகூட எதிரில் நின்று பார்க்கவில்லை. அவர் சொன்னார் என்ற ஒன்றே போதும், அது அநியாயமாக இருப்பதற்கு.

மார்கழி பாதியில் ஒரு நாள் கடுமையான பனி. வீட்டு வாசலிலிருந்து எதிர்வீடு தெரியவில்லை. எதிர்வீட்டு அக்காவின் அடுப்பில் மிச்சமிருந்த புகை வாசனை மட்டும் வந்தது. அவர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நான் பத்தாவது படித்தபோது பரீட்சைக்கு என்னை எழுப்பிவிட்டவர் அவர்தான், விடியற்காலையில் வேலைக்குப் போகிறபோது என் ஜன்னலைத் தட்டிவிட்டுப் போவார். இன்றைக்கும் களையெடுப்பு, நடவு என்று கூப்பிட்ட இடத்துக்குப் போகிற பெண்களில் ஒருவர். அன்று வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இரண்டாம் போகத் தாளடி வயலில் களையெடுப்பு. அங்கே தண்ணீர்க் குடங்களை இறக்கி வைத்துவிட்டு, ஆள் சேர்க்க மறுபடி ஊர்ப்பக்கம் நடந்து வந்துகொண்டிருந்திருக்கிறார்கள், ஐந்து பேர். எனக்கு அது தெரியாது.

வெள்ளை விளக்கைப் பனியில் போட்டவர்களுக்குத்தான் தெரியும். வெளிச்சம் முன்னே போகாது. சுண்ணாம்பு அடித்த சுவர் ஒன்றை வண்டிக்கு முன்னால் பிடித்துக்கொண்டு ஓட்டுவது போல இருக்கும். பழைய ஹெட்லைட்டின் பாய்கூட அந்த வெள்ளையில் காணாமல் போய்விட்டது. விளக்கை அணைத்திருக்க வேண்டும். வேகத்தைக் குறைத்திருக்க வேண்டும். கொஞ்சம் குறைத்தேன்தான். ஆறரை மணிப் பெஞ்சு மனதில் இருந்தது.

கத்தல் கேட்டு பிரேக்கை அழுத்தினேன். வண்டி வழுக்கி நின்றது. எதன் மேலும் மோதவில்லை. வெள்ளைச் சுவருக்குள்ளிருந்து பெண்கள் குரல் மட்டும் வந்தது. விளக்கை அணைத்த பிறகுதான் ஆட்கள் தெரிந்தார்கள். நான்கு பேர் வயல் பக்கச் சரிவில் சேற்றில் நின்றார்கள். ஐந்தாவது ஆள் வாய்க்கால் பக்கம் குதித்து, மதகின் கருங்கல்லில் கையை ஊன்றி, இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார். அக்கா.

இறங்கித் தூக்கிவிட்டேன். வலது மணிக்கட்டு அதற்குள் வீங்கத் தொடங்கியிருந்தது. முதலில் என்னை யாரென்றே அவருக்குத் தெரியவில்லை. கண்ணை இறுக்கி இறுக்கித் திறந்தார்.

"லாரின்னு நெனச்சோம்," என்றார். "சத்தமும் இல்ல, வெளிச்சம் மட்டும் ரோட்ட அடச்சுக்கிட்டு வருது. எந்தப் பக்கம் ஒதுங்குறதுன்னே தெரியல."

பிறகு என்னை அடையாளம் கண்டார். குரல் உயரவில்லை.

"நீயா? நாங்க தெனம் நடக்குற ரோடு இது. ஒனக்கு வழி தெரியணும்னா எங்க கண்ணுல அடிச்சுத்தான் தெரியணுமா?"

சேற்றிலிருந்து ஏறி வந்த மற்றவர்கள் என்னைத் திட்டினார்கள். அதெல்லாம் தாங்க முடிந்தது. நான் என் துப்பட்டாவால் கையைக் கட்டி, அவரைப் பின்னால் உட்காரவைத்துப் பழைய ஹெட்லைட்டின் பாய் வெளிச்சத்திலேயே ஆஸ்பத்திரிக்கு மெதுவாக ஓட்டினேன். ஈரப் புடவையில் அவர் நடுங்கியது என் முதுகில் தெரிந்தது. நல்ல கையால் அவர் என்னைப் பிடித்துக்கொள்ளவில்லை, பின்னால் இருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

எலும்பில் விரிசல். ஆறு வாரம் மாவுக்கட்டு. களையெடுப்பு முழுதும் போயிற்று, அறுப்பில் பாதியும் போகும். தினமும் சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போய்த் தண்ணீர் பிடித்தேன், தலை வாரிவிட்டேன். ஆஸ்பத்திரியில் நர்ஸ் செய்வதை நோயாளி ஏற்றுக்கொள்வது போல அவர் அதை ஏற்றுக்கொண்டார். போதும், வைத்துவிட்டுப் போ என்பதைத் தவிர வேறு பேச்சு இல்லை.

அந்த விளக்குகளை நான் மறுநாளே கழற்றியிருக்க வேண்டும். கழற்றவில்லை. சுவிட்சைத் தொடாமல் பத்து நாள் ஓட்டினேன், ஆனால் வண்டியின் மேல் அவை இருந்தன. காரணத்தை எழுதக் கூசுகிறது. கழற்றினால் பெரிய தெருக்காரர் சொன்னதற்காகக் கழற்றியதாகிவிடுமே என்று யோசித்தேன். எதிர்வீட்டில் ஒருத்தி கையைக் கழுத்தில் கட்டிய துணியில் தொங்கவிட்டுக்கொண்டு இடது கையால் சோறு தின்றுகொண்டிருந்தாள். என் கவலை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ஒரு ஆள் என்ன நினைப்பான் என்பது. அந்த ஆளை இத்தனை வருஷம் கேவலமாக நினைத்துவந்த நான், அவருக்காகத்தான் விளக்கைப் போட்டேன், அவருக்காகத்தான் கழற்றாமலும் இருந்தேன். இதைவிட மரியாதை ஒருவருக்கு எப்படிக் கொடுப்பது?

கணவரிடம் நடந்ததைச் சொன்னபோது, அவங்க ஓரமா நடக்க வேண்டியதுதானே என்றார். இணைப்பைத் துண்டித்தேன். மறுநாள் அவரே கூப்பிட்டு அக்கா கை எப்படி இருக்கிறது என்று கேட்டார். விளக்கைப் பற்றிப் பேசவில்லை. அந்த அளவுக்கு அவர் தேறினார்.

பதினோராம் நாள் கூத்தாநல்லூர்க் கடைக்குப் போனேன். கடைக்காரர் நான் சொல்வதைக் கேட்டுக்கொண்டே ஒயரை உருவினார். அன்றைக்கே சொன்னேனே என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும், அவரையாவது வெறுத்திருக்கலாம். அவர் சொல்லவில்லை. மஞ்சள் வெளிச்சம் தருகிற சின்ன விளக்கு இரண்டு எடுத்து, முன்சக்கர மட்கார்டுக்குப் பக்கத்தில் தாழ்வாக மாட்டினார். கடையின் ஷட்டரை இறக்கி இருட்டாக்கி, சுவரில் சாக்பீஸால் இடுப்பு உயரத்துக்கு ஒரு கோடு போட்டு, வெளிச்சம் அதற்குக் கீழே நிற்கும் வரை திருகைத் திருகினார். வண்டியோடு வந்த ஹெட்லைட்டுக்கும் அடியில் அதே மாதிரி ஒரு திருகு இருந்தது. அதையும் கால் சுற்று திருப்பினார். பாய் இரண்டு மடங்கு நீண்டது. அப்படி ஒரு திருகு இருப்பதை ஷோரூமும் சர்வீஸும் சொல்லவில்லை. நானும் கையேட்டைத் திறக்கவில்லை.

"வெளிச்சம் சரியாப்போச்சுக்கா," என்றார். "சத்தம் இல்லாததுக்கு நான் ஒண்ணும் பண்ண முடியாது. அத நீங்கதான் பாத்து ஓட்டணும்."

கழற்றிய வெள்ளை விளக்குகளைக் கொடுத்தார். வேண்டாம் என்று அங்கேயே வைத்துவிட்டு வந்தேன்.

பெரிய தெருக்காரர் இரண்டே நாளில் கவனித்துவிட்டார். வாசலில் நின்றுகொண்டு, பரவாயில்லையே, சொன்னா கேட்டுக்கிட்ட என்றார். நான் வண்டியை நிறுத்திவிட்டு, இந்த முறை பதில் சொன்னேன்.

"உங்களுக்காக மாத்தலைங்க. எங்க தெரு அக்கா ஒருத்தங்களுக்கு இதால கை ஒடஞ்சுபோச்சு. அதுக்காக மாத்துனேன்."

"எதுக்கோ ஒண்ணு. மாத்திட்டல்ல," என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். யாருக்குக் கை ஒடிந்தது என்றுகூடக் கேட்கவில்லை. கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன், வந்தது அலுப்பு மட்டும். அதற்குப் பிறகு அந்தத் திருப்பத்தில் என் கை எந்த சுவிட்சுக்கும் போகவில்லை.

தை கடைசியில் அக்காவின் கட்டைப் பிரித்தார்கள். நான் அழைத்துப் போகிறேன் என்றேன், அவர் பஸ்ஸில் போய் வந்தார். மாசியில் உளுந்துக்குக் கூப்பிட ஆரம்பித்ததும் மறுபடி வேலைக்குப் போகத் தொடங்கினார். இப்போது நான் பதினைந்து நிமிஷம் முன்னதாகக் கிளம்புகிறேன். கரை ரோட்டில் பெண்கள் எதிரே வருவது தெரிந்தால் தூரத்திலேயே வண்டியை நிறுத்தி, மஞ்சள் விளக்கை அணைத்து, காலை ஊன்றி நிற்கிறேன். அவர்கள் கடந்து போகிறவரை நகர்வதில்லை.

"ஆஸ்பத்திரிக்காரம்மா நமக்காக நிக்கிறாங்கடி, சட்டுனு நடங்க," என்பாள் ஒருத்தி. மற்றவர்கள் சிரிப்பார்கள். அதில் இருக்கும் ஏளனம் எனக்குத் தெரியும். அக்கா சிரிப்பதில்லை, என் பக்கம் பார்ப்பதும் இல்லை. சாப்பாட்டுத் தூக்கை மட்டும் இடது கையில் பிடித்திருப்பார். அவர்கள் மதகைத் தாண்டிய பிறகு நான் வண்டியை எடுப்பேன்.